வளர்ற பிள்ளைக்கு ஒரு பேண்ட்சா

தையல்காரரின் மகள் மூன்றாவது ஆண்டாகக் கர்ப்பமாக இருந்ததற்குக் காரணம் ஒரு பேண்ட்சா, மரம் அறுக்கும் மெஷின். தாத்தா செய்து தருவதாகச் சொன்ன ஆடும் தொட்டில் தயாராகாமல் வெளியே வருவதாக இல்லை என்று, குழந்தை வயிற்றுக்குள்ளிருந்தே தெளிவாகச் சொல்லிவிட்டது. டாக்டரம்மா காதை வைத்துக் கேட்டுவிட்டு, "பிடிவாதம்தான். மத்தபடி எல்லாம் நார்மல்" என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

தையல்காரர் சும்மா இருந்தார் என்று யாரும் சொல்ல முடியாது. கடைக்குப் பின்னாலிருந்த அறையில் ஓய்வு நேரத்தில் மரவேலை செய்கிறவர் அவர். தொட்டிலின் வளைந்த கால்களை அறுக்கக் கைரம்பம் முரண்டு பிடித்தது. பிளேடு வளையமாகச் சுற்றி ஓடும் சின்ன பேண்ட்சா ஒன்றை வாங்கி மேஜைமேல் வைத்துவிட்டால் ஒரே நாள் வேலை. ஆனால் காலமெல்லாம் குழந்தைகளுக்குத் துணி தைத்தவர். வளர்ற பிள்ளை என்று இரண்டு அங்குலம் கூடுதலாக விடாமல் அவர் கை எதையும் வெட்டாது. கழுத்தில் கிடக்கும் டேப்பால் மகளின் வயிற்றை அளப்பார், இரண்டு அங்குலம் கூட்டுவார், தொட்டிலைப் பெரிதாக வரைவார், மெஷின் கடைக்குப் போவார். யோசித்து முடிப்பதற்குள் குழந்தை வளர்ந்திருக்கும். எட்டங்குல மெஷின் பற்றாது. ஒன்பதில் தடித்த மரம் போனால் மோட்டாருக்கு மூச்சு வாங்கும். பத்தை மேஜை தாங்காது, மேஜையைப் பெரிதாக்க ஒரு பேண்ட்சா வேண்டும். நாளடைவில் அவர் தலையைக் கண்டதுமே மெஷின்கள் நகர்ந்து போய் ஒளிந்துகொண்டன. அவற்றைத் திரும்ப இழுத்து வைப்பதற்கென்றே கடைக்காரர் ஓர் ஆளைப் போட்டிருந்தார்.

மகளுக்குத் தன் கால்விரல்கள் எப்படி இருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது. ஒரு மழைநாளில் பின்னறைக்குள் நுழையப் போனவள் வாசலில் மாட்டிக்கொண்டாள். எப்படி இழுத்தும் அசையவில்லை.

"அப்பா, இன்னிக்கு மெஷின் வரலைன்னா நான் இங்கயே நின்னுடுவேன். அப்புறம் மரவேலையும் கிடையாது, ஒண்ணும் கிடையாது."

"எந்த சைஸுன்னு இன்னும்..."

"இருக்கற சைஸுக்கு வெட்டித் தொலைங்க!" என்றாள் தையல்காரரின் மனைவி. "நீங்க ரெண்டு இன்ச்சு ரெண்டு இன்ச்சா விட்டுக் குடுக்கறீங்க, அது உள்ள சொகுசா வளருது."

"பாட்டி சொல்றதுதான் சரி தாத்தா," என்றது வயிற்றுக்குள்ளிருந்து குரல். "சின்ன மெஷினே போதும். தொட்டில்னா இனிமே கால் இடிக்கும், ஆடற நாற்காலியா போட்டுடுங்க."

தையல்காரர் மெஷின் கடைக்குப் போனபோது மற்ற மெஷின்கள் ஓடி ஒளிந்தன. எட்டங்குலம் மட்டும், பார்த்துப் பார்த்துப் பழகிய தோஷத்தில், இருந்த இடத்திலேயே நின்றது. அதையே வாங்கி வந்து முன்பக்கக் கடையிலிருந்த தையல் மேஜைமேல் வைத்தார். வாசலில் மாட்டியபடியே மகள் பின்னறையிலிருந்த பலகைகளை எட்டி எடுத்துத் தலைக்கு மேலாகப் பின்னால் நீட்டினாள். வாழ்க்கையில் முதல் முறையாகக் கூடுதல் விடாமல் அவர் அறுத்தார். கடைசித் திருகு ஏறியதும் மகள் வாசலிலிருந்து தானாகக் கழன்றாள். அன்று மாலையே சுகப்பிரசவம். பேத்தி நடந்தே வீட்டுக்கு வந்தாள். சான்றிதழில் வயது ஒரு நாள் என்றிருந்ததால் பஸ்ஸில் டிக்கெட் கேட்கவில்லை.

எல்லோரும் சுற்றி நிற்க, அவள் நாற்காலியில் உட்கார்ந்து ஒருமுறை ஆடிப் பார்த்தாள்.

"நல்லாருக்கு தாத்தா. இடுப்புலதான் கொஞ்சம் டைட்டு."

தையல்காரர் மெதுவாகத் திரும்பித் தன் மனைவியை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வை கூடத்தின் நடுவில் பல ஆண்டுகள் இருந்தது. வருகிறவர்கள் அதில் இடித்துக்கொள்ளாமல் சுற்றிப் போகப் பழகிக்கொண்டார்கள்.