இவரோட தண்ணி கேமரா

எங்க வீட்டுக்காரர் ஹரிபிரசாத் மீன் பிடிக்கிறார்னு சொன்னா புனேல எவனும் நம்ப மாட்டான். நாங்க சுத்த சைவம். போசரியில ஒரு கம்பெனியில வேலை பார்க்கிற மனுஷன், ஞாயித்துக்கிழமையானா தூண்டிலைத் தூக்கிட்டு பவனா அணைக்குப் போயிடுவார். பிடிச்ச மீனைக் கொஞ்சிட்டு, திரும்பத் தண்ணியிலயே விட்டுட்டு, வெறுங்கையோட வீட்டுக்கு வருவார். கேட்டா, "இவ்வளவு பெருசு மல்லிகா"ன்னு கையை விரிப்பார். வாராவாரம் கை கொஞ்சம் கூடுதலா விரியும்.

என் தம்பி ரவிசந்திரனுக்கு இது போதாதா? "அத்தான் அங்க மரத்தடியில தூங்கிட்டு வர்றார்க்கா"ன்னு வரும்போதெல்லாம் வாருவான். எனக்கும் உள்ளுக்குள்ள சந்தேகம்தான். அதுக்காகத் தம்பி முன்னாடி புருஷனை விட்டுக்கொடுக்க முடியுமா? "அவர் பிடிக்கிறார்டா, எனக்குத் தெரியும்"னு அடிச்சுப் பேசினேன். அதைக் கேட்டு இவருக்கு ரோஷம் பொத்துக்கிட்டு வந்துடுச்சு. "அடுத்த வாரம் வீடியோ காட்டுறேன். காட்டலைன்னா தூண்டிலை வாட்ச்மேனுக்குக் கொடுத்துடுறேன்"னு சபதம் போட்டுட்டார். இந்த மனுஷனுக்கு இருக்கிற ஒரே சந்தோஷம் அந்தத் தூண்டில்தான். 

புனேல கேம்ப்னு கடைத்தெரு இருக்கு, அங்க ஒரு கடைக்குப் போனோம். நாற்பது மீட்டர் ஆழத்துலயும் தண்ணி புகாதுன்னு ஒரு கேமராவை எடுத்து வச்சாங்க. இவர் நிக்கிறது முழங்கால் தண்ணி. அதுவேதான் வேணும்னுட்டார். வீட்டுக்கு வந்து தொப்பியில மாட்டினார், தொப்பி இறங்கிக் கண்ணை மூடிடுச்சு. நெஞ்சுல பெல்ட் போட்டு மாட்டினார், வீடியோ பூரா இவர் தொந்தி. தூண்டில் கம்புலயே கட்டினார், அந்த ஆட்டத்தைப் பார்த்து எனக்குக் குமட்டிடுச்சு. கடைசியில கரையில ஒரு இரும்புக் கம்பியை நட்டு, அதுல கிளிப் போட்டு மாட்டறதுன்னு முடிவாச்சு.

சரி, ரெண்டு கையும் தூண்டில்ல இருக்கும்போது பட்டனை யார் அமுக்குறது? வாயால சொன்னா இந்தக் கேமரா கேட்குமாம். இவர் இங்கிலீஷ்ல சொன்னது அதுக்குப் புரியலை. ஹிந்தியில மாத்தினார். "சாலு"ன்னா ஓடும், "பந்த்"னா நிக்கும். இத்தனை வருஷம் புனேல குப்பை கொட்டினதுக்கு இதுதான் பலன்னு பூரிச்சுப் போனார்.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் முகமெல்லாம் சிரிப்பா வந்தார். ரவியும் அவன் பொண்டாட்டி ப்ரீதியும் நான் பஜ்ஜி போட்டு முடிக்கிறதுக்குள்ள வந்து உட்கார்ந்துட்டாங்க. டிவியில போட்டோம்.

அணை, தண்ணி, இவர். தூண்டில் வளைஞ்சுது. "வந்தான், வந்தான்"னு இவர் குதிச்சார். டிவி கறுப்பாயிடுச்சு.

அடுத்தது. இவர் காதுல போன். "சொல்லு மல்லிகா. ஆமா, கொத்தமல்லி வாங்கிடுறேன். கறிவேப்பிலை சும்மாதான் தருவான்." திடீர்னு தூண்டில் இழுக்குது. "வந்தான்." கறுப்பு. அதுக்கடுத்ததும் அதே லட்சணம்தான். "சொல்லு மல்லிகா", காஸ் புக் பண்ணின கதை, "வந்தான்", கறுப்பு.

ரவி சோபாவுல உருண்டு உருண்டு சிரிச்சான். "அக்கா, அத்தான் மீனைப் பிடிக்கலை, உன் போனைப் பிடிச்சிருக்கார்." இவர் முகம் செத்துப் போச்சு. எனக்கு ரவியை ஓங்கி ஒண்ணு வைக்கலாம் போல இருந்துச்சு.

ப்ரீதிதான் கண்டுபிடிச்சா. புனேலயே பிறந்து வளர்ந்தவ, தமிழ் தத்தித் தத்தித்தான் வரும். "அண்ணா, நீங்க 'சொல்லு' சொன்னா அதுக்கு 'சாலு' கேக்குது. 'வந்தான்' சொன்னா 'பந்த்' கேக்குது."

இவர் நாகர்கோவில்காரர், இவர் வாயில அது எப்பவும் 'ச்சொல்லு'தான். கேமராவை என்ன குத்தம் சொல்ல? நான் போன் பண்ணினா ஓடியிருக்கு, மீன் வந்தா நின்னிருக்கு. இந்தக் கொடுமையை எங்க போய்ச் சொல்றது.

"தூண்டிலை நாளைக்குக் கொடுத்துடுறேன்"னு இவர் ரிமோட்டை எடுத்தார்.

"இருங்க, இன்னும் ஒண்ணு இருக்கு"ன்னேன்.

இதுல போன் இல்லை. இவர் ரெண்டு கையிலயும் ஒரு மீன். நிஜ மீன், வாயைத் திறந்து திறந்து மூடுது. இவர் குனிஞ்சு அதுகிட்ட பேசிட்டிருக்கார். "சொல்லு, நீயே அந்த ரவிகிட்ட சொல்லு. என்னை ஒருத்தரும் நம்பலை. மல்லிகா மட்டும்தான் நம்புறா. அவளுக்காகத்தான் இவ்வளவு கூத்தும். தம்பி முன்னாடி அவ தலை குனியக் கூடாது, பாரு." அப்புறம் அதை மெதுவா தண்ணியில விட்டார்.

 ரவி மட்டும், "மீன் சின்னதாத்தான் இருக்கு"ன்னு முனகினான். அவன் முன்னாடி இருந்த பஜ்ஜித் தட்டை எடுத்துட்டேன்.

"நான்தான் அன்னைக்கே சொன்னேனேடா, அவர் பிடிக்கிறார்னு"ன்னேன், கொஞ்சம்கூடக் கூசாம.

"ஆமா ரவி, உங்க அக்கா ஒருநாளும் என்னைச் சந்தேகப்பட்டதில்லை"ன்னு இவர் பெருமையா தலையாட்டினார். அவர் முகத்தைப் பார்க்க முடியாம, வெங்காயம் நறுக்கணும்னு சொல்லிட்டு நான் அடுப்படிக்குப் போயிட்டேன்.