சும்மா கொடுக்கும் எருமை

“எருமைக்கு ஒண்ணும் இல்ல மானா, அது நல்லாத்தான் நிக்குது. ஒரு வார்த்தைதான் தகராறு.”

“என்ன வார்த்தை?”

“சும்மா.”

“என்னடா சும்மா?”

“அந்த வார்த்தையேதான். சாவடியில அச்சடிச்ச தாள் ஒண்ணு வச்சிருக்காங்க. எல்லைக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து வர்ற ஆடு மாட்டைச் சொந்தக்காரங்களுக்குச் சும்மா குடுக்கறதா இருந்தா, மாட்டு வைத்தியர் பார்த்துட்டு அன்னைக்கே விட்டுடுவாராம். சும்மா இல்லைன்னா அது வியாபாரமாம். இருபத்தோரு நாள் கொட்டில்ல கட்டணுமாம். ‘சும்மாதானே குடுக்கறீங்க?’ன்னு அந்த அதிகாரி மரியாதையாத்தான் கேட்டாரு. மவுன் பிளாசியுஸுக்கு முகமே மாறிப்போச்சு. ‘நான் சும்மா குடுக்க வரலை’ன்னு சொல்லிட்டு எருமையைத் திருப்பி ஓட்டிக்கிட்டுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் போய் நிக்கறாரு. நாளன்னைக்கு அப்பாவுக்காகப் போட்ட கறுப்பை அவிழ்க்கணும். எந்தக் கழுதை உட்கார்ந்து இதை எழுதினானோ.”

எர்மெலிந்தா தொலைபேசியை ஒரு காதிலிருந்து இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

“நான்தான் எழுதினேன்,” என்றாள்.

அந்தப் பக்கம் ஒரு லாரி கடந்துபோகும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, அக்காவை ஊர் வழக்கப்படி மானா என்றே கூப்பிடும் தம்பி வெனான்சியு பேசினான். “நீயா? அப்ப நல்லதாப் போச்சு. நீயே அழிச்சுடு.”

அவளுடைய மேசை தலைநகர் திலியில், அமைச்சகத்தின் மூன்றாவது மாடியில், மொழிபெயர்ப்புப் பிரிவின் கடைசி அறையில் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே கடல் தெரியும் என்று அந்த அறையைக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு எதிரே ஒரு கட்டடம் வந்துவிட்டது. நாடு ஆசியான் கூட்டமைப்பில் சேர்ந்த நாளில் தெருவெல்லாம் கொடி. வாத்தியம் வாசித்துக்கொண்டு பள்ளிப் பிள்ளைகள் ஊர்வலம் போனார்கள். அவள் அன்றைக்கும் இதே நாற்காலியில் உட்கார்ந்து மீன்களைக் குளிரில் வைத்துக் கொண்டுபோவது பற்றிய சட்டம் ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தாள். சேர்வது ஒரு நாள் வேலை. சேர்ந்ததற்குத் தகுந்தபடி வீட்டை மாற்றி வைப்பதுதான் வருடக்கணக்கில் நடந்தது. சுங்கம், விதை, மருந்து, லாரி அச்சின் எடை, கால்நடை என்று சுவரில் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தது. ஒரு சட்டம் முடிந்தால் அதன்மேல் பச்சைக் கோடு போடுவார்கள். ஒப்பந்தங்கள் ஆங்கிலத்தில் வந்தன. சட்டங்களைப் போர்த்துகீசில் எழுதினார்கள். ஊர்க்காரர்கள் பேசுவது தெத்துன். ஆங்கிலத்தில் ஒரு வரியாக வருவது போர்த்துகீசில் நாலு வரியாகும். அந்த நாலு வரியையும் சந்தையில் மிளகாய் விற்கிறவளுக்குப் புரிகிற மாதிரி தெத்துனில் சொல்ல வேண்டியது எர்மெலிந்தாவின் வேலை. சில நாட்களில் மாலை மினி பஸ்ஸில் போகும்போது ஓட்டுநரிடம் எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்ல எந்த மொழியிலும் வார்த்தை வராமல், இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கி நடந்து வருவாள்.

அந்த வார்த்தையை எழுதிய நாள் அவளுக்கு நினைவிருந்தது. மார்ச் மாதம், மின்சாரம் இல்லை. கணினியில் மிச்சமிருந்த சக்தி தீர்வதற்குள் கால்நடைச் சட்டத்தை முடித்துவிட நினைத்தாள். பதினான்காவது பிரிவில் ‘செங் கொன்த்ராபர்தீதா’, அதாவது எதிரீடு ஏதுமின்றி அளிக்கப்படும் விலங்குகள் என்று போர்த்துகீசில் இருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த ஆலோசகர் யாரோ உறவினர்கள் மேல் இரக்கப்பட்டுச் சேர்த்த சலுகை அது. பிறந்த நாளுக்கு நாய்க்குட்டி கொடுப்பதை அவர் நினைத்திருக்கலாம். எர்மெலிந்தா அந்த வரியில் வெகுநேரம் நின்றாள். எதிரீடு இல்லாமல், பதிலுக்கு எதையும் எதிர்பார்க்காமல் கொடுப்பதைச் சொல்லத் தெத்துனில் என்ன இருக்கிறது? பக்கத்து மேசை அகபித்து, ஒரு கோப்பால் விசிறிக்கொண்டிருந்ததை நிறுத்தாமலே, “சும்மான்னு போடு மானா. சின்னப் பிள்ளைக்கும் புரியும்,” என்றான். போட்டாள். மறுநாள் பச்சைக் கோடு விழுந்தது.

சும்மா என்றால் விலையில்லாமல். சும்மா என்றால் வீணாக. காரணமில்லாமல் ஒருவனை அடித்தால் சும்மா அடித்தான். பயனில்லாமல் செத்தவன் சும்மா செத்தான். இதெல்லாம் அவளுக்குத் தெரியாததல்ல. அந்த மத்தியானம் அவை ஒன்றும் அவள் பக்கத்தில் வந்து நிற்கவில்லை, அவ்வளவுதான்.

அவளுடைய அப்பா இறந்து ஒரு வருடமாகிறது. ஒரு வருடமாக வீட்டில் எல்லோரும் சட்டையில் ஒரு கறுப்புத் துணித்துண்டைக் குத்திக்கொண்டிருந்தார்கள். அம்மா மட்டும் தலை முதல் கால் வரை கறுப்பு. சனிக்கிழமை கல்லறைக்குப் போய் ஜெபம் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து அதை அவிழ்க்க வேண்டும். அதற்குப் பெண் எடுத்த வீட்டார் எருமை கொண்டுவர வேண்டும். பெண் கொடுத்த வீட்டார் அவர்களுக்கு நெய்த துணியும் பன்றியும் திருப்பிச் செய்ய வேண்டும். மூத்த அக்கா ரோசாலினா எல்லை ஆற்றுக்கு அந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். அங்கே வேறு கொடி, வேறு பணம், ஆனால் பேச்சு ஒன்றுதான். அவள் கணவர் பிளாசியுஸை அண்ணன் முறையில் மவுன் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் இந்த எருமையை எட்டு மாதமாகத் தனியாக மேய்த்து வைத்திருந்தார். கொம்பு முழங்கை தாண்டி வளர்ந்திருந்தது. இங்கேயே ஒன்று பிடித்துக்கொள்ளலாம் என்று வெனான்சியு சொன்னதற்கு, “மருமகன் கொண்டுவர்றது வராம இதை அவிழ்க்க மாட்டேன். இப்படியே என்னையும் புதைச்சுடுங்க,” என்று அம்மா பதில் சொன்னாளாம். அம்மாவுக்கு அந்தக் கறுப்புக்குள் வெயில் தாங்கவில்லை. கழுத்திலும் முதுகிலும் புண்ணாகியிருந்தது.

தொத்தோரா பென்விந்தா பிரிவின் இயக்குநர். சட்டம் படித்தவர் என்பதால் காவலாளி முதல் அமைச்சர் வரை அவரைத் தொத்தோரா என்றுதான் அழைப்பார்கள். கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் தேய்த்துக்கொண்டே எர்மெலிந்தா சொன்னதைக் கேட்டார். கேட்டு முடித்ததும் சிரித்தார். சத்தமில்லாத சிரிப்பு.

“எங்க வீட்டுல எம் பிறந்த நாளுக்குக் கோழி கொண்டுவந்தவன்கூட எதை எடுத்துட்டுப் போகலாம்னு சுவரைப் பார்த்துட்டுத்தான் போவான். சும்மாவாம். நாம ரெண்டு பேரும் இதுல கையெழுத்துப் போட்டிருக்கோம் பாரு.”

“பிழைதிருத்தம் போட்டுடலாமா தொத்தோரா?”

“பிழை எங்க இருக்கு? போர்த்துகீசுல என்ன இருக்கோ அதைத்தான் நீ எழுதியிருக்க. பிழைன்னா அங்கயும் பிழை. அங்க மாத்தணும்னா அமைச்சரவைக்குப் போகணும். பச்சைக் கோடு போட்டு வெளிய அனுப்பினதை ஏன் மறுபடி தொறக்கறீங்கன்னு கேப்பாங்க.” கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “எழுதிக் குடு, கொண்டுபோறேன். ரெண்டு மாசம் ஆகும். கறுப்பைத் தள்ளி வைக்க முடியாதா?”

“அம்மாவுக்கு உடம்பெல்லாம் புண்ணு தொத்தோரா.”

பென்விந்தா மேசை இழுப்பறையைத் திறந்தார். விடுப்புத் தாளை இழுத்துக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். எர்மெலிந்தா அதைக் கேட்டிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை விடிகாலை மேற்கே போகும் பஸ்ஸில் ஏறினாள். காலடியில் அரிசி மூட்டை, மடியில் யாரோ கொடுத்து வைத்த கோழி. பாட்டுச் சத்தத்தில் பேச்சே கேட்கவில்லை, அது நல்லதாக இருந்தது. சாலை கடலை ஒட்டியே போனது. உப்புக் காய்ச்சும் குடிசைகளின் புகை தண்ணீரின் மேல் படுத்திருந்தது. தன் வார்த்தைகள் இந்த வழியாகத்தான் போயிருக்கும் என்று நினைத்தாள். ஏதோ ஒரு வண்டியில், அட்டைப் பெட்டிக்குள், மற்ற தாள்களோடு குலுங்கிக்கொண்டு. அவை எங்கே போய் இறங்கும் என்று ஒரு நாளும் அவள் யோசித்ததில்லை. அனுப்பிய பிறகு அவை வேறு யாருடையவோ ஆகிவிடும் என்ற ஓர் எண்ணம். ஆறு கடக்கும் இடங்களில் பஸ் மெதுவாகியது. ஆறுகள் வெறும் கல்லாகக் கிடந்தன.

சாவடியில் வெனான்சியு காத்திருந்தான். இரண்டு நாள் தாடி. “ராத்திரி ஆத்து வழியா இறக்கிடலாம், முன்னெல்லாம் அப்படித்தானேன்னு கேட்டேன். ‘மாமனாருக்குச் செய்யறதைத் திருடன் மாதிரி கொண்டு வரணுமா?’ன்னு என்னை அடிக்க வந்துட்டாரு மானா. உன் வார்த்தையும் அவரு வீம்பும் சரியான ஜோடி.”

அதிகாரி நாற்பது வயதுக்காரர், பெயர் திமோத்தியு. அவளுக்கு நாற்காலி போட்டார். மேசைக் கண்ணாடிக்கு அடியில் அவளுடைய பதினான்காவது பிரிவு இருந்தது. ஓரம் மஞ்சளாகியிருந்தது. அவள் தானே எழுதியதைத் தலைகீழாகப் படித்தாள்.

“எனக்கும் அந்தப் பக்கம் மாமியார் வீடு இருக்கு மானா,” என்றார் திமோத்தியு. “என்ன நடக்குதுன்னு தெரியாதவன் இல்ல. ஆனா கொண்டுவர்றவர் தன் வாயால சொல்லிக் கையெழுத்துப் போடணும்னு இருக்கு. நானா எழுதிக்க முடியாது. போன மாசம் ஒருத்தர் சொல்லிட்டு ஓட்டிட்டுப் போனாரு. பெண் கொடுத்த வீட்டுல விஷயம் தெரிஞ்சுபோச்சு. ‘சும்மா வந்ததுக்கு இங்க இடமில்லை’ன்னு மாட்டை வாசல்லயே விட்டுட்டாங்க. ரெண்டு நாள் கத்திக்கிட்டே நின்னுது.”

“கேள்வியை வேற மாதிரி கேக்கக் கூடாதா?”

“எழுதினதைத்தானே படிக்கணும்?” என்றார். அதில் குத்தல் இல்லை. அவருக்கு உண்மையிலேயே ஒரு பதில் தேவைப்பட்டது போல இருந்தது.

பாலத்தின் மறுகோடியில் ஒரு புளியமரத்தடியில் பிளாசியுஸ் உட்கார்ந்திருந்தார். அறுபது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், நாளைக்கென்று வைத்திருந்ததை இன்றே போட்டுக்கொண்டவர் போல. எருமை அவருக்குப் பின்னால் சேற்றுக்குழி ஒன்றில் பாதி மூழ்கிக் கிடந்தது. எர்மெலிந்தா கிட்டே போய் அவர் கையை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டாள்.

“மெலிஞ்சுபோயிட்ட,” என்றார். “ஊர்ல சோறு போட மாட்டாங்களா?”

“மவுன், அந்த வார்த்தை...”

“வெனான்சியு சொன்னான். நீதான் எழுதினன்னு.” கோபமில்லாமல்தான் சொன்னார். “உங்கப்பா எனக்குப் பொண்ணு குடுத்தாரு. என் வீட்டுல விளக்கு எரியுது, அஞ்சு பிள்ளைங்க. அது சும்மாவா?”

“இல்ல மவுன்.”

“அப்ப நான் கொண்டுவர்றது மட்டும் எப்படிச் சும்மாவாகும்? அவரு குழிக்குப் பக்கத்துல நின்னு நாளைக்கு நான் என்ன பேசுவேன்? இங்க சும்மான்னு சொல்லிட்டு, அங்க வந்து கடன்பட்டவன்னு சொல்லவா? செத்தவருக்குக் காது கேக்காதுன்னு அரசாங்கத்துல யாராவது சொன்னாங்களா?”

“கடுதாசிக்காகச் சொல்றதுதானே மவுன். சும்மா ஒரு...” என்று தொடங்கியவள் அந்த இடத்திலேயே நிறுத்திக்கொண்டாள். பிளாசியுஸ் அவளை ஒரு கணம் பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டார். அவளுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்தபோது இருவருமே களைத்திருந்தார்கள்.

“வேற வார்த்தை எழுது,” என்றார். “உனக்குத் தெரியாத வார்த்தையா?”

“எழுதிக் குடுத்திருக்கேன். ரெண்டு மாசம் ஆகும்.”

“எருமை இருக்கும்.”

“அம்மா ராத்திரியில குப்புறத்தான் படுக்கறாங்க மவுன். முதுகு வைக்க முடியலை.”

பிளாசியுஸ் தரையைப் பார்த்தார். எருமை மூச்சுவிட்டபோது சேற்றில் ஒரு குமிழி எழுந்து உடைந்தது. பாலத்தின் மேல் சிமெண்ட் லாரிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றாகத் தாள்களை நீட்டிவிட்டுக் கடந்துபோயின. சிமெண்டுக்கு ஒரு சிக்கலும் இல்லை. மூட்டையின் எடை முதல் அதன் மேல் எழுத்து எந்த அளவில் இருக்க வேண்டும் என்பது வரை அவளே எழுதியிருந்தாள்.

அந்தத் தாளின் அடியில் இருந்த வரி அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. எல்லாச் சட்டத்திலும் கடைசியில் வருவது, யாரும் படிக்காதது: வாக்குமூலத்தை இரண்டு ஆட்சிமொழிகளில் எதிலும் அளிக்கலாம். இருபது வருடத்தில் நூறு தடவை மொழிபெயர்த்திருப்பாள். பையைத் திறந்து பென்விந்தா கையெழுத்திட்ட விடுப்புத் தாளை எடுத்தாள். பின்பக்கம் காலியாக இருந்தது. முழங்காலில் வைத்து, பள்ளிக்கூடத்துக் கையெழுத்தில் பெரிது பெரிதாக எழுதினாள்.

“மவுன், தெத்துன்ல சொல்ல வேண்டாம். இதைப் படிச்சாப் போதும். போர்த்துகீசு. அந்த அதிகாரி ஏத்துக்குவாரு, ஏத்துக்கணும்.”

அவர் தாளை வாங்கினார். இந்தக் கரையில் யாருக்கும் அந்த மொழி தெரியாது. கண்ணுக்கு எட்டும் தூரத்தில் பிடித்துக்கொண்டு எழுத்துக்கூட்டினார். “செங்... கொன்த்ரா... பர்தீதா.” மறுபடி ஒரு தடவை. புது ஊரின் பெயரைச் சொல்லிப் பார்ப்பவரைப் போல, வாயில் அதன் எடையைப் பார்ப்பவரைப் போல. அது அழகாகத்தான் இருந்தது, பூசையில் பாதிரியார் சொல்வது மாதிரி. கயிறு சுற்றிய கையால் தாளின் ஓரத்தை நீவிவிட்டார். பிறகு நிமிர்ந்தார். அவர் கேட்கப்போவது அவள் வாழ்நாளெல்லாம் சம்பளம் வாங்கிக்கொண்டு பதில் சொன்ன கேள்வி.

எருமை சேற்றிலிருந்து முன்னங்காலை ஊன்றி எழத் தொடங்கியது. கறுத்த முதுகிலிருந்து தண்ணீர் கோடு கோடாக வழிந்தது.

“அர்த்தத்தை மட்டும் எங்கிட்ட கேக்காதீங்க மவுன்,” என்றாள் எர்மெலிந்தா.