முதற்காய் எடுத்த கை

"அழாத. சத்தம் வெளிய போச்சுன்னா ரெண்டு பேரும் செத்தோம்."

ஜக்கம்மாள் கதவுக்குத் தாழ்ப்பாள் இட்டுவிட்டு, மகளின் வாயைத் தன் முந்தானையால் பொத்தினாள். பொன்னுமணி சுவரோடு ஒட்டி நின்றாள். அவளுடைய பள்ளிப் பாவாடை மூலையில் சுருண்டு கிடந்தது. அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தேழாம் ஆண்டின் ஆடி மாதக் காலை. பிற இல்லங்களில் இத்தகைய காலை குலவையோடு தொடங்கும். சிலமலையின் இவ்வில்லத்தில் அது தாழ்ப்பாளோடு தொடங்கிற்று.

"ஆத்தா, வயிறு வலிக்குது."

"வலிக்கும். பொறுத்துக்க. பஸ்சு வர்றதுக்குள்ள வேற பாவாடை கட்டு."

"இன்னைக்கும் பள்ளிக்கூடம் போகவா?"

"இன்னைக்குத்தான் போகணும். இது உம் மாமன் காதுக்குப் போச்சுன்னா, பொழுது சாயுறதுக்குள்ள பச்ச ஓலையோட வந்து நிப்பான். குச்சு கட்டி உன்ன உள்ள உக்கார வெப்பான். அதுக்கப்புறம் பள்ளிக்கூடம் எந்தத் தெசையில இருக்குன்னு நீ மறந்துற வேண்டியதுதான்."

கதவு தட்டப்பட்டது. ஜக்கம்மாளின் கணவன் வேலுச்சாமி வெளியே நின்றான்.

"பட்டப்பகல்ல கதவச் சாத்திக்கிட்டு உள்ள என்ன சோலி?"

"புள்ளைக்கு வயித்தால போகுது. நீங்க வெரசா காட்டுக்குப் போங்க."

அன்று மாலை உண்மையைக் கேட்டறிந்த வேலுச்சாமி தானே போய்க் கதவைச் சாத்தினான். "உங்கண்ணன் என்னைய உசுரோட விடுவானா?" என்றான். "உங்களுக்கு உசுருதான் போகும். அவளுக்குப் படிப்புல்ல போகும்?" என்று கூறி ஜக்கம்மாள் அவன் முன் சோற்றுத் தட்டை வைத்தாள். அவன் சோற்றைப் பிசைந்து உண்டான். அன்று முதல் அதைப் பற்றிய பேச்சு அவ்வீட்டுத் தாழ்ப்பாளைத் தாண்டவில்லை.

ஜக்கம்மாளின் நெஞ்சில் எரிந்த நெருப்பை அறிய வேண்டுமானால், போடிநாயக்கனூரில் இருந்த அந்த உயர்நிலைப் பள்ளியின் வரலாற்றைச் சிறிது அறிதல் வேண்டும்.

நிலக்கிழார்களும் ஏலக்காய் வணிகர்களும் பொருளுதவி செய்து எழுப்பிய அப்பள்ளி, தொடக்கத்தில் ஆண்பிள்ளைகளுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. பின்னர் பெண்பிள்ளைகளும் சேர்க்கப்பட்டனர். சேர்க்கப்பட்ட அன்றே வகுப்பின் நடுவில் ஒரு மூங்கில் தட்டியும் நிறுத்தப்பட்டது. தட்டிக்கு அப்பால் இருந்த பெண்களுக்குக் கரும்பலகையின் வலப்பாதி மட்டுமே தெரியும். ஆகவே கணக்குப் பாடத்தில் அவர்கள் விடையை அறிவார்கள், வினாவை அறியமாட்டார்கள். ஆண்டுகள் கடந்தபின் தட்டி அகற்றப்பட்டது. ஆயினும் பெண்கள் தாழ்வாரத்தில் காத்து நின்று, ஆசிரியர் வந்தபின் அவர் பின்னே நுழைந்து, அவர் பின்னேயே வெளியேறும் வழக்கம் நீடித்தது. வகுப்பு உயர உயரப் பெண்களின் பெஞ்சு காலியாகும். வராதவளின் பெயர் அழைக்கப்படும்போது, பையன்கள் ஒரே குரலில் "குச்சுக்குப் போயிட்டா சார்" என்பார்கள். ஆசிரியரும் சிரித்தபடி அப்பெயரை அடிப்பார். அப்பள்ளியில் தலைமுறை தலைமுறையாகக் கற்பிக்கப்பட்ட பாடங்களுள், எவரும் மறவாத பாடம் அச்சிரிப்பே ஆகும்.

தட்டி இருந்த காலத்தில் ஜக்கம்மாள் அதன் பின்னே இருந்து படித்தவள். அவளுடைய அண்ணன் ராஜாராம் அதே பள்ளியில் மேல் வகுப்பில் படித்தான். ஒருநாள் அவள் பள்ளிக்குச் சென்றபின், அவள் களைந்து போட்ட கறை படிந்த துணியை வீட்டார் கண்டுகொண்டனர். அவளை அழைத்து வருமாறு ராஜாராமுக்குச் சொல்லியனுப்பினர். அவளைத் தனியே அழைக்க அவனுக்கு நா எழவில்லை போலும். வகுப்பு வாயிலில் நின்று, ஆண்பிள்ளைகள் அனைவரும் கேட்க உரக்கச் சொன்னான்.

"சார், ஜக்கம்மாள அனுப்புங்க. அவ பெரிய மனுசியாயிட்டா. இனிமே வரமாட்டா."

தட்டிக்கு அப்பாலிருந்து எழுந்த சிரிப்பை ஜக்கம்மாள் கேட்டாள். சிரித்தவர்களின் முகங்களை அவள் காணவில்லை. ஆதலால் பிற்காலத்தில் போடிக் கடைத்தெருவில் தன் வயதொத்த ஆண்மகன் எவனைக் கண்டாலும், இவனும் சிரித்திருப்பான் என்றே எண்ணினாள். அனைவரையும் பழிவாங்குதல் இயலாது. அண்ணன் ஒருவனே போதும் என்று உறுதி கொண்டாள்.

அந்த ராஜாராம் இப்போது பெருஞ்செல்வர். போடிமெட்டுக்கு அப்பால் மலைச்சரிவில் அவருக்கு ஏலத்தோட்டம் இருந்தது. பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவரும் அவரே. ஆண்டு விழாதோறும் மேடையேறிப் பெண் கல்வியின் பெருமையைப் பேசுவார். தங்கையின் மகள் பூப்பெய்தியதும் தாய்மாமன் முறையில் குச்சு கட்டி, சீர் செய்து, தம் மகன் தவசிக்கு அவளை மணமுடிக்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

அவர் தோட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. காயெடுப்புத் தொடங்கும் நாளில், பூப்பெய்தாத பெண்பிள்ளை ஒருத்தி முதற்காயைப் பறித்து மலையம்மன் முன் வைத்தல் வேண்டும். மாதவிலக்கான பெண்ணின் நிழல் பட்டாலும் செடி கருகிவிடும் என்பது அவர் நம்பிக்கை. அவ்வாண்டு முதற்காய் பறிக்கப் பொன்னுமணியை அனுப்புமாறு அவர் சொல்லியனுப்பினார்.

வேலுச்சாமி மறுக்கச் சொன்னான். ஜக்கம்மாள் மறுக்கவில்லை. மகளின் தலையைச் சீவிப் பூ வைத்து, தானே உடன் அழைத்துச் சென்று அண்ணன் அனுப்பிய ஜீப்பில் ஏறினாள். பொன்னுமணி பறித்துக் கொடுத்த காயை ராஜாராம் இரு கைகளாலும் வாங்கி, கண்களில் ஒற்றிக்கொண்டார். அதைக் கண்ட ஜக்கம்மாளுக்குப் பல ஆண்டுகளாகப் பசித்திருந்த வயிற்றில் கஞ்சி ஊற்றியதுபோல் இருந்தது.

அவ்வாண்டு விளைச்சல் நிரம்ப இருந்தது. அடுத்த ஆண்டும் அவ்வாறே. "எந் தங்கச்சி மக கை ராசியான கை" என்று ராஜாராம் ஊரெங்கும் கூறினார்.

ஆனால் ஊர் வேறொன்றைக் கூறியது. பொன்னுமணி வளர்ந்தாள், அவளைப் பற்றிய நற்செய்தி மட்டும் வரவில்லை. தெருவில் ஒரு சொல் பிறந்தது. "இருசி." ஒருபோதும் பூப்பெய்தாதவள் என்பது அதன் பொருள். பள்ளித் தாழ்வாரத்தில் உடன் நின்ற பெண்களும் அச்சொல்லை முணுமுணுத்தனர். ராஜாராமின் மனைவி குருவம்மாள் உறவினர் நிறைந்த திருமண வீடு ஒன்றில், "இருசியக் கூட்டியாந்து எம் வீட்டுல விளக்கேத்தச் சொல்லவா? எம் மகனுக்கு வேற எடம் பாத்தாச்சு" என்று வெளிப்படையாகவே கூறிவிட்டாள். ஜக்கம்மாள் தலைகுனிந்து அழுவதுபோல் முந்தானையால் முகத்தை மூடினாள். உள்ளே அவள் உதடு சிரித்தது.

பொன்னுமணி சிரிக்கவில்லை. வீடு திரும்பியதும் புத்தகங்களைத் தரையில் எறிந்தாள்.

"உனக்கு உங்கண்ணன் மேல கோவம். பேச்சு வாங்குறது நானு."

"படிப்ப நிறுத்திறவா? சொல்லு. இப்பவே போயி ஓலை வெட்டச் சொல்றேன்."

 பொன்னுமணி புத்தகங்களைத் தானே பொறுக்கி அடுக்கினாள்.

"ஒருநாளைக்கு இத எல்லாருக்கும் முன்னாடி சொல்லணும். அன்னைக்கு நாந்தான் சொல்லுவேன். நீ சொல்லக்கூடாது" என்றாள்.

எழுபத்தொன்பதாம் ஆண்டு ஐப்பசியில் அந்நாள் வந்தது. பொன்னுமணி அப்போது பத்தாம் வகுப்பில் அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் ராஜாராம் ஒரு தீர்மானத்தை முன்மொழிந்தார். வயதுக்கு வந்த பெண்பிள்ளைகள் இனி ஆண்பிள்ளைகளோடு அமர்ந்து படித்தல் ஆகாது என்பது அதன் சாரம். தனிக் கட்டடத்துக்கு வழியில்லாத பள்ளியில் அதற்கு ஒரே பொருள்தான் உண்டு. அதை அனைவரும் அறிந்திருந்தனர். தலைமையாசிரியர் திருப்பதி, தலைவரின் முகத்தையும் தம் பேனாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான் பெண் கல்விக்கு எதிரி கெடையாது. ஆனா சரஸ்வதி இருக்குற எடம் சுத்தமா இருக்கணும்" என்றார் ராஜாராம். "எந் தோட்டத்தையே பாருங்க. தீட்டுள்ளவ காலு படாததாலதான் மூணு வருசமா இந்தக் காய்ப்பு. இப்ப காய் உலத்துற ஸ்டோருல எடமில்ல."

வெள்ளைத்துரை என்னும் ஏலக்காய்த் தரகர் பின்வரிசையிலிருந்து கேட்டார். "அண்ணே, உங்க மருமக பத்தாவது படிக்குதே. அதுவும் நிக்கணுமா?"

"அது வேற கணக்கு மாப்ளே. அது இன்னும் வயசுக்கு வரல. அத ஆம்பளப் புள்ளையோட சேத்துக்க."

கூடம் முழுவதும் சிரிப்பு எழுந்தது. பொன்னுமணி அங்கேதான் இருந்தாள்; வந்தவர்களுக்குத் தேநீர் கொடுக்கும் பணி அவளுக்கு இடப்பட்டிருந்தது. பெண்கள் பகுதியில் அமர்ந்திருந்த ஜக்கம்மாள் எழுந்து நின்றாள். அவள் ஒன்றும் பேசவில்லை, மகளைப் பார்த்தாள். பொன்னுமணி தட்டை மேசைமீது வைத்தாள்.

"மாமா, நான் எட்டாவது படிக்கும்போதே வயசுக்கு வந்துட்டேன்."

சிரிப்பு அறுந்தது.

"என்ன பேசுற நீ?"

"ஆடி மாசம் வந்தேன். அதுக்கப்புறந்தான் உங்க தோட்டத்துல முதக் காய் எடுத்தேன். மூணு வருசமும் எடுத்தேன். போன வருசம் எடுக்கும்போது அந்த மூணு நாளுல ஒரு நாளு."

"அடிப்பாவி, அம்மனுக்கு வெச்ச காயாச்சே" என்று குருவம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

ராஜாராமின் முகம் கறுத்தது. அவர் தங்கையின் பக்கம் திரும்பினார். "கூடப் பொறந்தவளா நீ? குடியக் கெடுத்துட்டியே."

"எது கெட்டுச்சுண்ணே? சொல்லு, நாங்களும் தெரிஞ்சுக்கிறோம்" என்றாள் ஜக்கம்மாள்.

"இன்னைக்கே குச்சு கட்டணும். தீட்டுக் கழிக்கணும். இவ இந்தப் பள்ளிக்கூடத்து வாசல மிதிக்கக் கூடாது. அய்யா, பேர அடிங்க."

"அடிக்கட்டும். குச்சும் கட்டு, நான் தடுக்கல. ஆனா அதுக்கு முன்னாடி உன் ஸ்டோருல இருக்குற காய் அம்புட்டையும் கொண்டாந்து கொட்டகுடி ஆத்துல கொட்டு. அவ கை பட்ட செடியில காய்ச்ச காயி. தீட்டுன்னா ரெண்டுக்குந்தான் தீட்டு."

 வெள்ளைத்துரை தொண்டையைச் செருமினார்.

"நாயந்தானண்ணே. ஜீப்பு பத்தாட்டி எம் லாரியையும் அனுப்புறேன். லோடு ஏத்த ஆளும் தர்றேன்."

ராஜாராம் அவரை வெறித்தார். பின் கூட்டத்தைப் பார்த்தார். அங்கே இருந்தவர்களுள் பலர் வணிகர்கள். காய் தீட்டானது என்ற பேச்சு இவ்வறையைத் தாண்டினால் ஏலத்தில் அதன் கதி என்னவாகும் என்பதை அவர் அறியாதவர் அல்லர். அவருடைய எண்ணம் மலையம்மனிடமிருந்து மெல்ல மெல்ல விலகி ஸ்டோரின் பக்கம் சென்றதை அனைவரும் அவர் முகத்தில் கண்டனர்.

"காய்க்கு ஏது தீட்டு" என்றார், தாழ்ந்த குரலில்.

"கேக்கலண்ணே. அன்னைக்கு வகுப்பு வாசல்ல நின்னு பேசும்போது உனக்கு நல்ல தொண்டையில்ல?"

"காய்க்குத் தீட்டு இல்லன்னேன்."

தலைமையாசிரியர் திருப்பதி வாழ்நாளில் முதன்முறையாகத் தலைவரை நேரே பார்த்து வினவினார். "காய்க்கு மட்டும் இல்லையா, பறிச்ச பிள்ளைக்கும் இல்லையா? தெளிவாச் சொன்னீங்கன்னா எழுதிக்கிறேன்."

ராஜாராம் எழுந்தார். துண்டை உதறித் தோளில் இட்டுக்கொண்டு வெளியேறினார். அவருடைய ஜீப்பு வீட்டிற்குச் செல்லவில்லை. போடிமெட்டுப் பாதையில் ஏறிற்று. ஸ்டோரின் பூட்டைப் பார்க்கத்தான் போகிறார் என்பது அனைவருக்கும் விளங்கிற்று. குருவம்மாள் தனியே நடந்தாள். தீர்மானம் ஏற்கப்படவுமில்லை, தள்ளப்படவுமில்லை; ஒத்திவைக்கப்பட்டது. பொன்னுமணி தட்டை எடுத்துக்கொண்டு எஞ்சியோருக்குத் தேநீர் கொடுத்தாள். சிலர் வாங்கினர். சிலர் இப்போதுதான் குடித்தோம் என்று கூறினர். வாங்காதவர்களின் முகங்களை ஜக்கம்மாள் ஒவ்வொன்றாகப் பார்த்து மனத்தில் இருத்திக்கொண்டாள்.

அவ்வாண்டுக் காய் முழுவதும் முதல் தரமாக விலைபோயிற்று. பல ஊர்க் கோயில்களின் பிரசாதத்தில் அது மணத்தது. எத்தெய்வமும் முகம் சுளித்ததாகச் செய்தி இல்லை.

பொன்னுமணி அரசுத் தேர்வில் தேறினாள். அடுத்த ஆடியில், அவள் மேல் வகுப்புக்குச் செல்லத் தொடங்கியிருந்தபோது, சிலமலை வீட்டின் முன் ஒரு ஜீப்பு வந்து நின்றது. தோட்டத்துக் கங்காணி ராக்கையா இறங்கி, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

"மொதலாளி விட்டாரு, ஆத்தா. இந்த வருசம் வேற புள்ளைய வெச்சு முதக் காய் எடுத்தாரு. மழையும் பொய்ச்சுப் போச்சு, செடியில பூச்சரமும் வாடுது. நம்ம பாப்பா கை பட்டாத்தான் தோட்டம் நிக்கும்னு பறஞ்சாரு. ராவோட ராவா வந்து எடுத்துக் குடுத்துட்டுப் போயிறணுமாம். வெளிய தெரிய வேண்டாமாம்."

ஜக்கம்மாள் வாய் திறப்பதற்குள் பொன்னுமணி வெளியே வந்தாள்.

"வர்றேன்னு சொல்லுங்க" என்றாள். "ஆனா ராத்திரி வரமாட்டேன். பகல்ல, தோட்டத்து ஆளுக அம்புட்டுப் பேரும் பாக்க வருவேன். அதுவும் எனக்குத் தீட்டு நாளன்னைக்குத்தான் வருவேன். மாமா முன்ன மாதிரியே கையேந்தி வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிடணும். சம்மதம்னா ஜீப்பு அனுப்பச் சொல்லுங்க. நாள நான் சொல்லிவிடுறேன்."