ராத்திரி மாத்திரை

செட்டிகுளத்தில் மலைக்குப் போகும் சாலையை ஒட்டியிருக்கும் அந்த வீட்டைப் பாகம் பிரித்தபோது, நடுவில் எழுப்பிய சுவர் தோள் உயரத்தோடு நின்றுபோனது. சிமெண்டு தீர்ந்துவிட்டது என்று அண்ணனும் தம்பியும் ஊருக்குச் சொல்லிக்கொண்டார்கள். உண்மையில் தீர்ந்துபோனது அவர்களுடைய கோபம். சுவருக்கு இந்தப் பக்கம் மூத்தவன் பெண்டாட்டி சிந்தாமணியின் அடுப்பு, அந்தப் பக்கம் இளையவன் குருமூர்த்தியின் பெண்டாட்டி சசிகலாவின் அடுப்பு. குழம்பு, மோர், ஊர்ப் புரளி எல்லாம் சுவருக்கு மேலேயே போய்வந்தன. இந்தப் பக்கம் ஒரு பலாப்பழம் வந்தால் அதில் பாதி அந்தப் பக்கம் போயாக வேண்டும். ஓரகத்திகள் இப்படி இருந்தால் ஊருக்குப் பொறுக்குமா? கண் வைத்தார்கள். ஆனால் கடைசியில் கெடுத்தது கண்ணேறு இல்லை, அந்தப் பாதி கொடுக்கிற பழக்கமே.

இரண்டு பேருக்கும் முட்டி தேய்ந்திருந்தது. சின்ன வெங்காயம் போடுகிற ஊரில் அது ஒன்றும் அதிசயமில்லை. ஊன்றுவதும் குந்தி, களையெடுப்பதும் குந்தி, பிடுங்கித் தாளறுப்பதும் குந்தி. குருமூர்த்திக்குப் பல் பிடுங்கப் பெரம்பலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் பார்த்தவள் சசிகலாதான். மூட்டு வலிக்குப் புது மருந்து, ஆய்வில் சேர விருப்பமுள்ளவர்கள் வரலாம் என்று போட்டிருந்தது. செல்போனில் படம் பிடித்துவந்து சுவருக்கு மேலே நீட்டினாள். மறுவாரமே இருவரும் கோடாலி முடிச்சை இறுக்கிக்கொண்டு பஸ் ஏறினார்கள்.

அங்கே ஆர்த்தி என்ற பெண் அவர்களை உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னாள். ஆய்வில் சேருகிறவர்களைப் பார்த்துக்கொள்வதுதான் அவள் வேலை.

"இது இன்னும் கடைக்கு வராத மருந்தும்மா. நல்லது பண்ணுதா, கெடுதல் பண்ணுதான்னு பாக்கத்தான் இந்த ஆய்வே. பாதிப் பேருக்கு மருந்து வரும், பாதிப் பேருக்கு அதே மாதிரி வெறும் மாவு மாத்திரை வரும். யாருக்கு எதுன்னு எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. வேணாம்னு தோணுச்சுன்னா எப்ப வேணாலும் நின்னுக்கலாம். ஆனா ஒண்ணு, உங்களத் தவிர வேற யாரும் இதச் சாப்பிடவே கூடாது."

சிந்தாமணி தலையை ஆட்டினாள். கல்யாண வீட்டில் சாப்பாடு எப்படி என்று கேட்டால் ஆட்டுவோமே, அந்த ஆட்டல்.

ரத்தம் எடுத்துப் பார்த்த பிறகு சிந்தாமணியைச் சேர்த்துக்கொண்டார்கள். சசிகலாவைச் சேர்க்கவில்லை. "அக்கா, உங்களுக்கு ஈரல் கணக்கு கொஞ்சம் கூடுதலா இருக்கு. இந்த மருந்து உங்களுக்கு வேணாம். வேற டாக்டருக்குச் சீட்டு எழுதித் தரேன், அவசியம் போய்ப் பாருங்க" என்றாள் ஆர்த்தி.

அந்தச் சீட்டு பஸ் டிக்கெட்டோடு சேர்ந்து ஜன்னல் வழியே போனது. "ஈரலாவது குடலாவது! கவர்மெண்டுல ஆடு குடுத்தப்பவும் இப்படித்தான ஏதோ ஒண்ணச் சொல்லி என்னயக் கழிச்சாங்க?" என்று பொருமினாள் சசிகலா. "ஒரு கதவு நம்பருக்கு ஒருத்தர்தான்னு இருக்கும். அத மூஞ்சிக்கு நேரா சொல்ல முடியுமா, அதான் ஈரலுங்குறாங்க."

சிந்தாமணிக்கும் அது சரியென்றே பட்டது. அவள் ஆயுசில் ஏறி இறங்கிய எந்த ஆபீசிலும், இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தால் வேறு எதையாவதுதான் சொன்னார்கள். கொடுப்பது என்றால் தலைக்கு இவ்வளவு என்று கொடுப்பார்கள், மறுப்பது என்றால் ஒரு சாக்கு இருக்கும். ஒரு மருந்து ஒருத்திக்கு ஆகாது என்பதாலேயே மறுக்கிற இடம் ஒன்று உலகத்தில் இருக்கும் என்று யார் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்? அறிவிப்பைக் கண்டுபிடித்தவளே சசிகலாதானே என்ற குறுகுறுப்பு வேறு.

காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று மாத்திரை. அன்று சாயங்காலமே சிந்தாமணி சுவரண்டை போய்க் குரல் கொடுத்தாள். "இந்தாடி, காலைது எனக்கு, ராத்திரிது உனக்கு."

சுவருக்கு மேலே ஒரு கை வந்தது. உள்ளங்கை விரிந்தது, மாத்திரை விழுந்ததும் மூடிக்கொண்டது. அதிலிருந்து தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு அந்தக் கை வந்தது.

வேலையும் செய்தது, அதையும் சொல்ல வேண்டும். கொஞ்ச நாளில் சிந்தாமணி சுவரைப் பிடிக்காமல் எழுந்தாள். சசிகலாவோ பங்குனி உத்திரத்துக்கு மலைப்படி முழுக்க ஏறி, முருகன் சந்நிதியில் நின்று கீழே பார்த்துக் கையசைத்தாள். சிந்தாமணிக்குக் கண் கலங்கிவிட்டது. தான் பங்கு கொடுத்ததால் வந்த சந்தோஷம் அது என்று உள்ளுக்குள் ஒரு பெருமை. அவளைக் குறை சொல்வதற்கில்லை, நமக்கும் இருந்திருக்கும்.

சித்திரை வெயிலில் சசிகலாவுக்குச் சோறு இறங்கவில்லை. இந்தப் பக்கம் தாளித்தால் அந்தப் பக்கம் ஓங்கரித்தாள். உடம்பெல்லாம் ஒரே நமைச்சல் என்று தென்னை நாரை வைத்துத் தேய்த்துக் குளித்தாள். ஒரு காலையில் சுவருக்கு மேலே மோர்ச் சொம்பை நீட்டியபோது, வெயில் அவள் முகத்தில் நேராக விழுந்தது. மஞ்சள் பூசியிருக்கிறாளாக்கும் என்றுதான் சிந்தாமணி நினைத்தாள். வெள்ளிக்கிழமைதானே. ஆனால் கண்ணுக்குள் யார் மஞ்சள் பூசுவார்கள்?

"காமாலை மாதிரி இருக்கேடி."

"சூடுக்கா. விக்கிரமங்கலத்துல எங்கம்மாக்கிட்ட போனா கீழாநெல்லி அரைச்சுக் குடுக்கும், சரியாப்போயிடும். நீ ராத்திரி மாத்திரைய மறந்துடாத."

விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கை வந்தபோது சிந்தாமணி கொடுத்தாள். இதே மாத்திரையைத்தானே தானும் போடுகிறாள், தனக்கு ஒன்றும் செய்யாதது அவளுக்கு மட்டும் எப்படிச் செய்யும் என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். ஆனாலும் அன்றைக்கு அவளுக்குத் தூக்கம் வரவில்லை.

அந்த வாரமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. சிந்தாமணியின் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, ரொம்ப நன்றாக இருக்கிறது என்றார் டாக்டர். "உங்கள மாதிரி ஒழுங்கா சாப்பிடறவங்க இருந்தா எங்களுக்குக் கவலையே இல்லம்மா" என்றாள் ஆர்த்தி, காலி அட்டைகளை வாங்கி வைத்துக்கொண்டே. "உடம்புல வேற ஏதாச்சும் மாறுதல் தெரியுதா? வாந்தி, நமைச்சல், கண்ணு மஞ்சளா இருக்கறது?"

மூன்றையும் வரிசையாகச் சொல்லிவிட்டாளே இந்தப் பெண்! இப்போது வாயைத் திறந்தால் மாத்திரையைப் பிடுங்கிக்கொள்வார்கள், பழையபடி குந்தவும் முடியாது, எழவும் முடியாது. அதைவிட, இந்தப் பெண்ணின் முகம் மாறுவதை எப்படிப் பார்ப்பது?

"எனக்கு ஒண்ணும் இல்லீங்க" என்றாள். அது பொய்யில்லை. அந்த ஆறுதல் பஸ் ஸ்டாண்டு வரைக்கும்கூட வரவில்லை.

வீடு திரும்பினால் சசிகலா பையோடு நிற்கிறாள், குருமூர்த்தி வண்டியை உதைத்துக்கொண்டிருக்கிறான். "அங்க போயி முட்டி மடக்கிக்கிட்டா என்னக்கா பண்றது?" என்றாள். அதற்குள் அவள் கன்னமெல்லாம் வற்றிப்போயிருந்தது. மனசுக்குள் ஏதோ ஒன்று வேண்டாம் வேண்டாம் என்றது. சிந்தாமணி அதன் வாயை அடைத்துவிட்டு, புதிதாக வாங்கிவந்த அட்டைகளில் ஒன்றை முழுசாக அவள் பையில் திணித்தாள்.

"ரெண்டு வேளையும் போட்டுக்க. நோவுக்காரி நீ. நான் சமாளிச்சுக்கறேன்."

கொஞ்ச நாள் சமாளித்தாள். பிறகு வலி திரும்பியது. முதலில் படியில், அடுத்து பாயிலிருந்து எழும்போது. மீதி அட்டைகள் அரிசிப் பானையில் இருந்தும் அவள் தொடவில்லை. சசி திரும்பி வந்தால் வேண்டுமே என்று வைத்திருந்தாள்.

ஒரு மத்தியானம் போன் வந்தது. ஆர்த்தி.

"சிந்தாமணியம்மா, மாத்திரைய உடனே நிறுத்திடுங்க. வேற ஊருல இதே ஆய்வுல இருக்கற ஒருத்தருக்கு ஈரல் பாதிச்சிருக்கு. எல்லாரையும் நிறுத்தச் சொல்லிட்டாங்க. நீங்க பயப்படாதீங்க, உங்க ரத்தம் சுத்தமா இருக்கு. மிச்சத்த எடுத்துக்கிட்டு நாளைக்கு வந்துடுங்க."

ஈரல் என்ற சொல்லுக்குப் பிறகு சிந்தாமணிக்கு எதுவும் கேட்கவில்லை. சாக்கு என்று நினைத்துத் தள்ளியதும் இதே சொல்லைத்தான். அதே பெண் சொன்னது.

"பாப்பா" என்றாள். "நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். திட்டியிருந்தால் தேவலை. ஆர்த்தி மெதுவாகக் கேட்டாள், "இப்ப அவங்க எங்க இருக்காங்க? யாரு கூட இருக்கா?" விக்கிரமங்கலத்தில் அம்மா வீட்டில், குருமூர்த்தியும் கூட இருக்கிறான் என்றாள் சிந்தாமணி. " நூத்தியெட்டுக்குப் போடச் சொல்லுங்க. அரியலூர் பெரியாஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோகச் சொல்லுங்க. நான் அங்க டாக்டர்ட்ட பேசறேன். மாத்திரை அட்டைய மறக்காம எடுத்துக்கச் சொல்லுங்க."

குருமூர்த்தியைக் கூப்பிட்டாள். அவன் குரல் உடைந்திருந்தது. "காலையிலேருந்து கோளாறாப் பேசறா அண்ணி. மலைக்கு நேரமாச்சு, படி ஏறணுங்கறா. இங்க எங்க அண்ணி மலை?"

அரியலூர் பஸ்ஸில் சிந்தாமணிக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சுண்ணாம்புக்கல் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வெள்ளைப் புழுதியை வாரி இறைத்துக்கொண்டு போயின. பாதிப் பேருக்கு வெறும் மாவு என்று ஆர்த்தி சொல்லியிருந்தாளே, அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். முருகா, எனக்குக் கொடுத்தது மாவாக இருக்கட்டும். நாங்கள் தின்றது மாவாக இருக்கட்டும். இத்தனை நாள் வலி போனது எல்லாம் மனப்பிரமையாக இருக்கட்டும். வழி நெடுக இதையே வேண்டிக்கொண்டு வந்தாள்.

அரியலூரில் இறங்கக் காலை எடுத்துவைத்தாள். முட்டி பிடித்துக்கொண்டது. கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி, கண்டக்டர் அதட்ட அதட்ட, ஒவ்வொரு படியாக இறங்கினாள். மாவை நிறுத்தினால் வலி திரும்புமா? அவள் வேண்டுதலுக்கு அவள் முட்டியே பதில் சொல்லிவிட்டது.

வார்டில் சசிகலாவின் அம்மா பொன்னுத்தாய் சுவரோரம் குந்தியிருந்தாள். குருமூர்த்தி கட்டிலின் கால்மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். சசிகலா பழுத்த பூவரச இலை நிறத்தில் கிடந்தாள். டாக்டர் திரும்பிப் பார்த்துக் கேட்டார். "பெரம்பலூர்லேருந்து பேசினாங்க. இந்த மாத்திரைய இவங்களுக்கு யாரு குடுத்தது?"

குருமூர்த்தி அப்போதுதான் நிமிர்ந்தான். அந்த மாத்திரை எங்கிருந்து வந்தது என்று அவனுக்கு அதுவரை தெரியாது.

"நாந்தாங்க" என்றாள் சிந்தாமணி. "தினம் நாந்தாங்க குடுத்தேன். கடைசியா ஒரு அட்டைய முழுசாக் குடுத்து, ரெண்டு வேளையும் போடுன்னதும் நாந்தான்."

பொன்னுத்தாய் முந்தானை முடிச்சை அவிழ்த்து, கத்தரிக்கோலால் சரிபாதியாக வெட்டிய அட்டை ஒன்றை எடுத்து நீட்டினாள். ஒரு மாத்திரை குறையவில்லை. "இது அக்கா பங்கு, அது அங்க வலியோட கெடக்கும், யாருகிட்டயாச்சும் குடுத்தனுப்பும்மான்னு சொல்லிக்கிட்டே இருந்தா. ராத்திரிக்கு ஒண்ணுதான் போட்டா. ரெண்டு போட மாட்டேன்னுட்டா."

டாக்டர் அதை வாங்கிப் பார்த்தார். "இதையும் சாப்பிட்டிருந்தா இங்க வந்தே சேர்ந்திருக்க மாட்டாங்க. இப்பவும் என்னால ஒண்ணும் சொல்ல முடியாது. தஞ்சாவூருக்கு அனுப்பறோம். வண்டி வருது." அவர் வேகமாக வெளியே போனார்.

சிந்தாமணி கட்டிலண்டை போய், "சசி" என்றாள். மஞ்சள் கண்கள் திறந்தன. அவளைத் தேடின, கண்டுபிடித்தனவா என்று தெரியவில்லை. ஜன்னலில் வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது, விளக்கு வைக்கிற நேரம். போர்வைக்குள்ளிருந்து சசிகலாவின் கை மெல்ல மேலே எழும்பியது. தோள் உயரத்துக்கு வந்ததும் நின்றது. உள்ளங்கை விரிந்தது.

"அக்கா" என்றாள். "ராத்திரிது."

சிந்தாமணி அந்தக் கையைத் தன் இரண்டு கைகளாலும் மூடிப் பிடித்துக்கொண்டு, வண்டி வரும்வரை ஓவென்று அழுதாள்.