வெள்ளாற்றுப் புழுக்கள்

...ஒரே வெட்டு, நாலு கண்ணும் அந்தத் துண்டோடு வந்துவிட வேண்டும், கொஞ்சம் பின்னால் தள்ளினால் குடல் பிதுங்கும், புழு வீண், அமராவதி பிளேடை அழுத்தினாள், இன்னொரு தலை தட்டில் விழுந்தது, ஆராய்ச்சிக்கூட வாசலில் அவன் சொல்லிக்கொண்டே இருக்கிறான், தங்கச்சி புருஷன் சிங்காரம், துண்டை முறுக்கிக்கொண்டு, "பொன்னிக்கு மண்ட பொளந்துட்டுது அண்ணி, கடலூர்ல, மஞ்சக்குப்பத்து ஆஸ்பத்திரில போட்டுருக்கு." தானாகப் பிளந்துகொள்ள அதென்ன பூசணிக்காயா? "யாரு பொளந்தது?" என்றாள், நிமிராமல். "நாந்தான்... மம்பட்டிக் காம்பு." ரேஷனில் அரிசி இல்லை, அமெரிக்கச் சோளம், மைலோதான் போட்டார்களாம், அவள் களி கிண்டி வைத்தாளாம், வயலிலிருந்து வந்தவனுக்குச் சோறு இல்லையாம், அதற்கு ஒரு மண்டை. போலீஸ்காரன் கட்டிலோரம் உட்கார்ந்திருக்கிறான், பொன்னி வாய் திறக்கவில்லை, அக்கா வரட்டும், அக்கா என்ன சொல்லுதோ அதச் சொல்றேன் என்கிறாளாம். "கெணத்தடியில வழுக்கி உழுந்தேன்னு சொல்லச் சொல்லுங்க அண்ணி. நான் உள்ள போயிட்டா புள்ளைங்க மண்ணத்தான் திங்கணும்." பேசுகிறாள் அல்லவா, உயிர் இருக்கிறது அல்லவா... மயக்க மருந்தில் இன்னும் சில புழு கிடக்கிறது, பாதியில் விட்டால் முழித்துக்கொள்ளும், "இரு, முடிச்சிட்டு வரேன்."

அவன் உள்ளே வந்து எட்டிப் பார்த்தான், முகம் சுளித்தான், "இன்னா அண்ணி, வாயில்லாத ஜீவன், தலயக் கிள்ளிக் கிள்ளிப் போடறீங்களே, பாவம் இல்லியா?" பாவம் பேசுகிறான்! சிரிப்பு வந்தது. இவனுக்கு எதைச் சொல்ல, அந்தத் தலைக்குள் ஒரு சாறு ஊறுகிறது, அது ஊறுகிறவரை முட்டை முத்தாது, வால் அறுந்தாலும் மறுபடி வளரும், தலையை எடுத்துவிட்டால் முட்டை மளமளவென்று முத்தும், வால் வளராது, முட்டையை விட்டுவிட்டுச் சாகும், சீமையில் கண்டுபிடித்துவிட்டார்கள், நம்ம வெள்ளாற்றுச் சேற்றுப் புழுவுக்கும் அதுதானா என்று எவனுக்குத் தெரியும்? ஜன்னலோரத் தட்டில் தலையும் வாலும் எடுத்த புழுக்களுக்குள் இளசுகளின் மூளையைச் செருகி வைத்திருக்கிறாள், நேற்றுப் பார்த்தாள், அறுந்த இடத்தில் வால் மொட்டு, நொய் நுனி அளவுக்கு வெள்ளையாக... மூளை வந்தால் வால் வருகிறது! பொம்பளைக்கு எதுக்கும்மா ஆராய்ச்சி என்ற பேராசிரியர் வந்து குனிந்து பார்க்கட்டும். இதே புழுவைத் தூண்டில்காரர்களுக்குத் தோண்டிக் கொடுத்துத்தான் அம்மாவுக்கு நகமெல்லாம் அழுகியது, பொன்னியும் கூட இறங்கினாள், இடுப்புவரை சேறு, படிக்கப் போனது அமராவதி மட்டும், ஏன் பொன்னி போகவில்லை, அவளும் போனால் யார் தோண்டுவது...

தண்ணீர் ஊற்றும் சத்தம். திரும்பினாள். பானையிலிருந்து மொண்ட சொம்போடு ஜன்னலோரத்தில் நிற்கிறான், தட்டு வழிகிறது, குடிதண்ணீர். "தவிச்சிக் கெடந்துதுங்க அண்ணி, குடிக்கட்டுமேன்னுதான்..." புவனகிரிப் பக்கத்து வயல்காரன், மாடு விழுந்தாலும் மனுஷன் விழுந்தாலும் முதலில் வாயில் தண்ணீர், "பொன்னிக்குங்கூட அடிச்ச கையோட தண்ணிதான் ஊத்துனேன்." உப்பில் பிறந்த உடம்புடா அது! வெட்டுவாய் வழியே தண்ணீர் ஏறும், செல் ஒவ்வொன்றும் ஊதும், ஊதி வெடிக்கும்... புழுக்கள் வெளுத்து முறுக்கிக்கொண்டன, ஒன்றின் தோல் கிழிந்து முட்டை கலங்கலாகக் கொட்டியது, மழை வரப்போகிறது, ஆற்றில் உப்புச் செத்துவிடும், தை வரைக்கும் ஒரு புழு கிடையாது, மொட்டு எங்கே, எங்கே அந்த மொட்டு... கை போய்விட்டது, அவன் கன்னத்தில், மறு கன்னத்தில், சொம்பைப் பிடுங்கி அதாலேயே முதுகில், தோளில், அவன் குந்திக்கொண்டான், தலைக்கு மேல் கையைக் கோத்துக்கொண்டான், இன்னொன்று, இன்னொன்று, நன்றாக இருந்தது, எலும்பில் படும்போது நன்றாக இருந்தது, மூச்சு வாங்க நின்றாள்.

அவன் மூக்கில் ரத்தம். துண்டால் துடைத்துக்கொண்டு மேலே பார்த்தான், கோபமே இல்லை, நிம்மதிபோல ஒன்று. "அடிங்க அண்ணி, கூடப் பொறந்தவளுக்கு வலிக்காதா, நான் பண்ணதுக்கு இது தகும். பொன்னிக்காக அடிச்சீங்க, வாங்கிக்கிட்டேன். கணக்குத் தீந்துடுச்சு, இல்ல? இப்ப வாங்க, பஸ்ஸு போயிடும், வந்து ஒரு வார்த்த சொல்லிடுங்க."

சொம்பு நசுங்கியிருந்தது. பொன்னிக்காகவா, அந்த மொட்டுக்காகவா... ஆமாம் என்று சொல்லிவிடலாம், அவனே எடுத்துக் கொடுக்கிறான், ஆமாம் என்றால் முடிந்தது, ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் அக்கா முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள், அக்கா என்ன சொல்கிறாளோ அதைச் சொல்ல. அமராவதி வாயைத் திறந்தாள். மண்டை பிளந்துவிட்டது என்று இவன் சொன்னபோது, இரு, முடிச்சிட்டு வரேன் என்றுதானே சொன்னேன்?