இல்லாத ஆளுக்குச் சோறு

இந்த வருடம் எங்கள் நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டிருக்கிறோம். அதற்கு நான் முதலில் கும்பிட வேண்டியது விக்கிரவாண்டிப் பக்கத்துப் பாஞ்சாலியை. பகவானை அப்புறம் கும்பிட்டுக்கொள்கிறேன். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். பாஞ்சாலியும் கோபிக்கிற ஆளில்லை. கோபமெல்லாம் எனக்குத்தான் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். சொல்லட்டும். அப்படி ஒரு மனிதரைக் கட்டிக்கொண்டால் யாருக்குத்தான் கோபம் வராது?

என் பெயர் அனந்தவல்லி. திண்டிவனத்தில் குடியிருக்கிறோம். நாங்கள் நயினார் குடும்பம், ஜைனர்கள். கறி, மீன் கிடையாது. பொழுது சாய்ந்துவிட்டால் சாப்பாடும் கிடையாது. செஞ்சி போகிற வழியில் எனக்கென்று என் அப்பா எழுதிவைத்த இரண்டு ஏக்கர் இருக்கிறது. என் வீட்டுக்காரர் ஜினசந்திரன் வெளிநாட்டு வேலைக்குப் போனபோது ஏஜென்டுக்குக் கட்டிய பணம் அந்த நிலத்தின் மேல் வாங்கியதுதான். கொடுத்தவர் கோதண்டபாணி. இரண்டு வருடத்துக்குள் திருப்பாவிட்டால் நிலத்தை அவர் பேருக்கு எழுதிக்கொடுத்துவிட வேண்டும் என்று பேச்சு. இரண்டு வருடம் எதற்கு, ஒரே வருடத்தில் அடைத்துவிடலாம் என்று துள்ளிக்கொண்டு கையெழுத்துப் போட்டவள் நான்தான்.

அவர் போன இடம் ஒரு ராணுவ கேம்ப். எந்த நாடு என்று கேட்காதீர்கள், வெளியில் சொல்லக் கூடாதென்று எழுதி வாங்கியிருக்கிறார்களாம். பாலைவனம் ஒரு நாட்டுடையது. அதில் வந்து உட்கார்ந்திருக்கிற பட்டாளம் இன்னொரு பெரிய நாட்டுடையது.

"ஏங்க, அவனுக்கு அவன் ஊர்ல எடம் இல்லையா?" என்று போனில் கேட்டேன்.

"இது ஒண்ணுதானா? எத்தினியோ நாட்டுல இப்புடி கேம்ப் வச்சிக்கினு இருக்கான். அவன் பேஜாரு அவனுக்கு" என்றார்.

அந்தச் சிப்பாய்களுக்குச் சமைத்துப்போடுகிற வேலையை ஒரு கம்பெனி கான்ட்ராக்ட் எடுத்திருந்தது. கறி வெட்ட மாட்டேன் என்று இவர் சொன்னதும், சமையற்கட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று சாப்பாட்டுக் கூடத்து வாசலில் நிறுத்திவிட்டார்கள். தலை எண்ணுகிற வேலை. உள்ளங்கையில் அடங்குகிற ஒரு மிஷின். ஒரு ஆள் சாப்பிட உள்ளே போனால் கட்டைவிரலால் ஒரு அமுக்கு. எண்ணிக்கை ஒன்று ஏறும். அதைப் பார்த்து, தலைக்கு இவ்வளவு என்று கம்பெனி அந்தப் பெரிய நாட்டுக்கு பில் போடும். நிழலில் நின்றுகொண்டு பார்க்கிற வேலை, சம்பளமும் கூடுதல். அதே கம்பெனியில் உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவன்தான் சீனுவாசன், பாஞ்சாலியின் புருஷன். இவரோடு ஒரே அறை. நம் பக்கத்து ஆள் என்று இவருக்கு அவனிடம் ஒரு பிரியம்.

கொஞ்ச மாதம் பணம் ஒழுங்காக வந்தது. அப்புறம் ஒரு நாள் அந்த போன் வந்தது.

"அனந்தா, ஒரு ஆளுக்கு ரெண்டு தடவ அமுக்குன்னு சூப்பர்வைசரு சொல்றான்."

"எதுக்காம்?"

"நூறு பேரு சாப்ட்டா எரநூறு பேருன்னு பில்லு போடலாமில்ல?"

"அமுக்கிட்டுப் போங்களேன். நம்ம கைக்காசா?"

"பொய்யாச்சே அனந்தா."

"ரெண்டு தடவ அமுக்கினா உங்க வெரலு தேஞ்சா பூடும்?"

அவர் மெதுவாகச் சொன்னார். "அந்தப் பெரிய நாடே கடன்ல ஓடிக்கினு இருக்குது அனந்தா. வேற வேற நாட்டுக்காரங்கிட்ட வாங்கித்தான் இங்க கொட்டி அழுவுறான். இல்லாத ஆளுக்குச் சோறு, அந்தச் சோத்துக்கு ஒரு கடன், அந்தக் கடனுக்கு ஒரு வட்டி. எல்லாம் அவங்க ஊர்ல இனிமே பொறக்கப்போற கொழந்தைங்க தலையில போயி விடியும். அத நான் ஏத்தி வுடணுமா?"

"அவங்க தலையில ஏறுறது இருக்கட்டும். நம்ம தலைமேல ஏறி உக்காந்துக்கினு இருக்காரே கோதண்டபாணி, அவர எறக்க வழி சொல்லுங்க!"

போனை வைத்துவிட்டார். அடுத்த வாரமே ஆள் வாசலில் வந்து நின்றார், கையில் பெட்டியோடு. ஊரில் மற்றவர்களெல்லாம் வெளிநாட்டிலிருந்து டிவியும் செண்டும் கொண்டுவருவார்கள். என் வீட்டுக்காரர் நியாயத்தைக் கொண்டுவந்து இறக்கினார். அன்றைக்கு ஆரம்பித்த வாயை நான் மூடவே இல்லை. அவர் திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டியில் மூட்டை எடை போடுகிற வேலைக்குச் சேர்ந்தார். நான் ஜாக்கெட் தைத்தேன். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்ததில் முக்கால்வாசிக் கடனுக்குப் பணம் தேறிவிட்டது. மீதிக் கால்வாசி எங்கே கேட்டும் புரளவில்லை.

கெடு முடிய ஒரு வாரம் இருக்கும்போது கோதண்டபாணி நிலத்துக்கு டேப்பும் ஆளுமாக வந்து அளந்து பார்த்தார். "வரப்போரமா தென்னம்புள்ள வச்சிட்டா நல்லா இருக்கும்மா" என்று என்னிடமே யோசனை கேட்டார்! திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் இருந்த அம்மா, வீட்டில் யாராவது தவறிவிட்டார்களா என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அந்த வாரக் கடைசியில்தான் சீனுவாசன் லீவில் வந்திருப்பதாக போன் செய்தான். நிலம் போகப்போகிற விஷயம் இவர் சொல்லி அவனுக்குத் தெரியும். புருஷனும் பெண்டாட்டியுமாகப் பார்க்க வருகிறோம் என்றான். மத்தியானம் வருவதாகச் சொன்னவர்கள் பொழுது சாய்கிற நேரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். விக்கிரவாண்டி டோல்கேட்டில் ஒரே கூட்டம் என்றான் அவன். பாஞ்சாலி முந்தானையைத் தலையோடு சுற்றிப் போர்த்திக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். இருட்டுவதற்குள் எல்லாரும் சாப்பிடட்டும் என்று நான் ஜல்தியாக இட்லியும் மல்லாட்டைச் சட்னியும் எடுத்துவைத்தேன்.

சீனுவாசன் தட்டைத் தொடவில்லை. "நயினாரண்ணா, நீங்க வந்த மறுநாளே அந்த மிஷின என் கையில குடுத்துட்டான். சம்பளத்த ஏத்திப் போட்டான். அதுலதான் எங்க பொண்ணு கலைப்பிரியாவ நர்சிங் சேத்தோம்" என்றான்.

"ரெண்டு தடவ அமுக்கினியா?" என்று இவர் கேட்டார்.

"அமுக்கினேண்ணா. உங்ககிட்ட என்னா மறைக்கிறது. எனக்கு வேற வழி தெரியல." தலையைக் குனிந்துகொண்டான். பிறகு என் பக்கம் திரும்பினான். "இப்ப அந்தக் கேம்ப்பையே மூடப் போறாங்கக்கா. செலவு தாங்கலையாம். கடன் மேல கடன்னு அவங்க பார்லிமெண்டுல ஒரே கூச்சலாம். இன்னும் ரெண்டு மூணு மாசம்தான் எனக்கு அங்க வேல. அந்தச் செலவுல என் கட்டவெரலும் கொஞ்சம் இருக்குது."

சொல்லிவிட்டு ஒரு கவரை எடுத்து இவர் முன்னால் வைத்தான். "உங்க எடத்துல நின்னு சம்பாரிச்சதுண்ணா. நெலத்த மூட்டுக்கோங்க. மெதுவாத் திருப்பிக் குடுங்க."

எனக்கு உயிர் வந்தது. ஆனால் என் வீட்டுக்காரரை எனக்குத் தெரியாதா? கவரை அப்படியே அவன் பக்கம் நகர்த்தி வைத்தார். "கோச்சிக்காத சீனு. அந்தக் காசு வேணாம்."

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, கத்தினேன். "வேணாமா? உங்களுக்கு வேணாம்னா எனக்கு வேணும்! எங்கப்பா குடுத்த நெலம் அது. உங்க நேர்மைக்கு நான் எவ்ளோதாங்க அழுவுறது?" வந்தவர்கள் முன்னால் இப்படிக் கத்துகிறோமே என்று இருந்தது, ஆனாலும் நிறுத்த முடியவில்லை. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. இருந்தும் கவரை அவர் தொடவில்லை.

பாஞ்சாலிதான் பேசினாள். "நான் பஸ்ஸுலயே சொன்னேன், அந்த அண்ணன் இத வாங்க மாட்டாருன்னு. இவருதான் கேக்கல." பையைத் திறந்து வேறொரு சுருக்குப் பையை எடுத்தாள். குனிந்ததில் முந்தானை நழுவியது. கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது. காது இரண்டிலும் வேப்பங்குச்சி.

"டோல்கேட்டுல நின்னதுலாம் கொஞ்ச நேரம்தாங்க்கா. பஸ்ஸ வுட்டு எறங்கி நேரா உங்க ஊரு அடகுக் கடைக்குதான் போனோம். அங்கதான் நேரமாச்சு" என்று சொல்லி, பையை இவர் கையில் வைத்தாள். "அண்ணா, இது எங்கப்பா கேப்பையும் மல்லாட்டையும் வித்து எனக்குப் போட்ட நகைய வச்சி வாங்குன காசு. இதுல எந்த மிஷினும் சேரல. வாங்கிக்கோங்க."

"ஏம்மா, உங்க வூட்டுக்காரருக்கே வேல போவப்போவுது. இந்த நேரத்துல…" என்றேன்.

"போனாப் போவுதுக்கா. கை காலு நல்லாத்தான இருக்குது? அண்ணன் அங்கயே நின்னிருந்தா எம்பொண்ணு ஏது, காலேஜு ஏது? நகைய மூட்டுத் தரும்போது தாங்க, போட்டுக்கிறேன்."

என் வீட்டுக்காரர் அந்தப் பையை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கோதண்டபாணியிடம் மூன்று முறை போய்க் கெஞ்சியபோதும் கலங்காத மனிதர், விசும்பி விசும்பி அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோய் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்துவந்தார். வாங்கியதற்கு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றார்.

பாஞ்சாலி தாளை வாங்கி மடித்து அவரிடமே கொடுத்துவிட்டாள். "ஒரு ஆளுக்கு ஒரு தடவதான் அமுக்குவேன்னு வேலையவே வுட்டுட்டு வந்தவரு நீங்க. உங்ககிட்ட எதுக்குண்ணா பேப்பரு?"

எந்தப் பிடிவாதத்தால் என் நிலம் போகிறது என்று நான் இத்தனை நாள் அந்த மனிதரைக் கரித்துக்கொட்டினேனோ, அந்தப் பிடிவாதத்தையே ஈடாக வாங்கிக்கொண்டு இவள் என் நிலத்தை மீட்டுக்கொடுக்கிறாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

"அழாதக்கா, வா, எல்லாரும் இட்லி சாப்பிடலாம்" என்றாள்.

வெளியே இருட்டிப்போயிருந்தது. எங்கள் இருவருக்கும் அன்றைக்குச் சாப்பாடு இல்லை. அதை அவளிடம் சொல்லாமல், அவர்களை உட்காரவைத்து இட்லி போட்டேன். போதும் போதும் என்றாள் பாஞ்சாலி. நான் கேட்கவில்லை.