ஆறாவது சுளை

1

திங்கட்கிழமை காலை ஏழு பத்து. பத்து மணிக்கு விசாரணை. அதற்குள் நான் எழுத வேண்டியது விசாரிப்பவர்களுக்கு ஒரு கடிதம். நான்கு வரி போதும். அதை எழுதாமல் இந்தக் கதையை எழுதுகிறேன். இது பிறந்த விதம் இவ்வளவுதான்.

விசாரணை என் அக்காவுக்கு. ஒரு பெரிய கடையின் பின்னறையில் ஒன்பது வருடமாகப் பழம் நறுக்குகிறாள். நான் ஒரு வாரப் பத்திரிகையில் பழங்களைப் பற்றி எழுதுகிறேன். தொடரின் பெயர் ‘வாரம் ஒரு கனி’. எங்கெங்கிருந்தோ வரும் காய்கனிகளைத் தின்று பார்த்து ருசியைச் சொல்ல வேண்டும். பெட்டிகளை அனுப்புவது அதே கடை.

நாற்பத்தோராவது வாரம் நான் எழுதிய ஒரு வாக்கியத்துக்காக அக்காவை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மூன்று வாரம் ஆகிறது. இன்று ஒரேயடியாக அனுப்பிவிடுவார்கள்.

2

முதல் தொடக்கம்:

‘எட்டு டிகிரி குளிர். ஆறு பெண்கள், ஆறு கத்திகள். உலகமே ஒரு மேசையில் வந்து —’

நிறுத்தினேன். மேசைக்கு வந்தது உலகம் அல்ல, பழம். இந்த மாதிரி வாக்கியம்தான் என் பிழைப்பு. டிராகன் பழத்துக்கு ருசி என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. முந்நூறு சொல் எழுதினேன். லிச்சியில் நிலவொளியின் ருசி இருக்கிறது என்று எழுதினேன். அக்கா படித்துவிட்டுக் கேட்டாள்:

“நிலாவ எங்கடா போய் நக்குன?”

இரண்டாவது தொடக்கம்:

‘கடைகள் கொடூரமானவை.’

உண்மை. கடையைத் திட்டுவது சுகமாகவும் இருக்கிறது, ஆகவே கொஞ்சம் திட்டுகிறேன். நறுக்கும் அறைச் சுவரில் ஒரு பலகை இருக்கிறது: ‘இங்கே எதுவும் வாய்க்குப் போகக் கூடாது.’ விற்காத பெட்டிகளைச் சாயங்காலம் தொட்டியில் கொட்டி, மேலே நீலத் திரவம் ஊற்றுவார்கள். யாரும் எடுத்துத் தின்றுவிடக் கூடாதாம். ஊற்றுவது நறுக்கிய பெண்களேதான். துரியன் முள் கையுறையைத் தாண்டி ஏறும். மங்குஸ்தான் தோலின் கறை நகக்கண்ணில் ஒரு வாரம் நிற்கும். கத்தி இறங்கும் சத்தத்திலேயே பழுத்ததா இல்லையா என்று அக்கா சொல்லிவிடுவாள். ஒன்றைக்கூட அவள் தின்றதில்லை.

(வெளியே வாங்கித் தின்றால் என்ன என்று கேட்டேன். “எட்டு மணி நேரம் அத மோந்துட்டு, வீட்டுக்கும் அதையே தூக்கிட்டு வரணுமா?”)

திட்டி முடித்தாயிற்று. கோபம் குறையவில்லை. அது போக வேண்டிய இடம் கடை மட்டும் அல்ல.

3

அந்த வாக்கியம்:

‘யாரும் பார்க்காத நேரத்தில் அக்கா ஒரு சுளையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். கண்களை மூடினாள். ஒரு நொடி, அந்தக் குளிரறைக்குள் வெயில் அடித்தது.’

நாற்பது வாசகர் கடிதங்கள் வந்தன. ஒருவர் அழுதேன் என்று எழுதியிருந்தார். கடையின் மேலாளரும் படித்தார். அவர் அழவில்லை.

மங்குஸ்தானைத் திருப்பிப் பாருங்கள். அடியில் பூ மாதிரி ஒரு முத்திரை இருக்கும். அதில் எத்தனை இதழோ, உள்ளே அத்தனை சுளை. என் பத்தியோடு ஒரு படம் அச்சாகியிருந்தது: கவிழ்த்து வைத்த தோல், பக்கத்தில் பெட்டியில் சுளைகள். அக்காவின் மேற்பார்வைக்காரியும் முன்னாளில் நறுக்கியவள்தான். அவள் எண்ணினாள்.

“இதழ் ஆறு. சுளை அஞ்சு. ஒண்ணு எங்கம்மா போச்சு?”

அக்கா பதில் சொல்லவில்லை.

4

இங்கே எனக்குப் பாத்திரத்தின் மேல் சந்தேகம். ஏன் பேசாமல் நின்றாள்? பயம் என்று எழுதினேன். மேலாளரையே ‘தம்பி, தள்ளி நில்லுங்க, கத்தி படும்’ என்று விரட்டுகிறவளுக்குப் பயமா? அடித்தேன். பாசம் என்று எழுதினேன். அதையும் அடித்தேன், எனக்கு வசதியாக இருந்தது.

நேற்று ஆசிரியருக்குத் தொலைபேசினேன். அந்த வாக்கியம் நடந்தது அல்ல, நான் இட்டுக்கட்டியது, மறுப்புப் போடுங்கள் என்றேன்.

“மறுப்பு போட்டா எல்லா வாரமும் பொய்னு ஆயிடும்பா. தொடரையே நிறுத்த வேண்டி வரும். வேணும்னா ஒண்ணு பண்ணலாம். அக்காவே கற்பனைன்னு போட்டுடலாம்.”

“எங்க அக்கா கற்பனையா?”

“பத்திரிகையில மட்டும்தானே.”

வைத்துவிட்டேன். பிறகு பத்து நிமிடம் அந்த யோசனையைப் பரிசீலித்தேன். [இந்த வரியை எடுத்துவிட நினைத்தேன். இருக்கட்டும்.]

5

இந்தப் பகுதியை மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் சுளை அக்காவின் வாய்க்கே போனது.

நான்காவது முறை:

நாற்பத்தோராவது வாரத்துக்குப் படம் எடுக்கப் பத்திரிகையின் படக்காரரோடு நறுக்கும் அறைக்குப் போயிருந்தேன். படக்காரர் விளக்கைத் திருப்பி வைக்கக் குனிந்தார். பெட்டியில் ஆறு சுளைகள் வட்டமாக இருந்தன. நான் கையை நீட்டி ஒன்றை எடுத்துத் தின்றேன். பலகை என் தலைக்கு நேர் மேலே இருந்தது. அக்கா பார்த்தாள்.

“டேய்.”

அவ்வளவுதான் சொன்னாள். மற்ற ஐந்தையும் விரலால் நகர்த்தி இடைவெளியை மூடினாள். படக்காரர் நிமிர்ந்து படம் எடுத்தார்.

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். தொந்தி விழுந்த நாற்பது வயது ஆள் எடுத்துத் தின்றால் அது திருட்டு. பழம் நறுக்குகிறவள் தின்றால் கவித்துவம். தின்றது நான். பெயர் அவளுக்கு.

ஆசிரியரிடம் இட்டுக்கட்டியது என்றேனே, அதுவும் இட்டுக்கட்டியதுதான். ஒரு சொல்லைத்தான் மாற்றியிருந்தேன்.

6

முடிவுகள் சில கைவசம் இருக்கின்றன.

விசாரணை மேசையில் அக்கா ஒரு மங்குஸ்தானை வைக்கிறாள். பிளக்கிறாள். எல்லார் முன்னாலும் ஒவ்வொரு சுளையாகத் தின்று, தோலை மேலாளர் கையில் கொடுத்துவிட்டு — கேட்க நன்றாக இருக்கிறது. இதற்கும் நாற்பது கடிதம் வரும்.

நான் போய் உண்மையைச் சொல்கிறேன். அவளுக்கு வேலை திரும்பக் கிடைக்கிறது. என் தொடர் நிற்கிறது.

நான் போய்ச் சொல்கிறேன். ‘வெளியாள் தின்றதைப் பார்த்தும் நீ மறைத்தாய்’ என்று அவளை அப்போதும் அனுப்பிவிடுகிறார்கள். இதை எழுதியதும் எனக்கு மூச்சு லேசானது. அப்படியானால் போய் என்ன பயன்? பார்த்துக்கொள்ளுங்கள், என் புத்தி வேலை செய்யும் லட்சணத்தை.

முடிவை வாசகர் கையில் ஒப்படைத்துவிட்டு எழுந்துபோவது ஒரு வழி. ஒப்படைக்க மாட்டேன். நீங்கள் தின்னவில்லை.

7

ஒன்பது மணிக்கு அக்கா வந்தாள். இஸ்திரி போட்ட சீருடை. நின்றுகொண்டே இதுவரை எழுதியதைப் படித்தாள். பக்கம் திருப்ப விரலை நாக்கில் வைக்கவில்லை. ஒன்பது வருடப் பழக்கம்.

“கடிதம் எங்க?”

“எழுதிட்டிருந்தேன். இது வந்துடுச்சு.”

“தொந்திய மட்டும் உண்மையா எழுதியிருக்க.”

நான் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை.

“நீ ஏன்க்கா அன்னிக்கே சொல்லல?”

“நீ சொல்லுவேன்னு இருந்தேன். மூணு வாரமா இருக்கேன்.” தாள்களை மேசையில் போட்டாள். “சின்ன வயசுல நீ திருடித் தின்னா நான்தான் வாயத் தொடச்சு விடுவேன். இப்பவும் நானே தொடைக்கணுமாடா?”

மேசையில் இந்த வாரப் பெட்டி பிரிக்காமல் இருந்தது. கடை அனுப்புவதை நிறுத்தவில்லை. அக்காவே பிரித்தாள். உடம்பெல்லாம் முள்ளாக ஒரு பழம், கிவானோ. கையில் எடுத்துத் திருப்பினாள்.

“பச்சை தெரியுது. இன்னும் நாலு நாள் ஆகணும். இன்னிக்கே வெட்டிட்டு, புளிக்குதுன்னு பழத்து மேல பழி போட்டு எழுதாத.”

பழத்தைத் திரும்ப வைத்தாள். வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினாள். கடிகாரம் ஒன்பது இருபது. பேருந்தில் அரை மணி நேரம். என் சட்டை நாற்காலி முதுகில் தொங்குகிறது. கை எட்டும் தூரம்தான். நான் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கதவைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தாள்.

“அங்க என்னைத்தான் கேப்பாங்க. அந்தச் சுளை எப்படி இருந்துச்சுன்னு ஒருத்தர் கேட்டா, நான் என்னடா சொல்லட்டும்?”